பதிவான கூரைக்கு ஒரு ஃபேன்

சாந்தோமில் நாங்கள் இருக்கும் மொட்டைமாடி அறையில் பனியன் கழற்றுவதென்றால் தரையில் உட்கார்ந்துதான் கழற்ற வேண்டும். மன்னாரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். எங்களுக்கு முன் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. கூரை எட்டடிகூட இல்லை. நடுவில் நீளமான ராடில் ஃபேன் தொங்கியது. என் கணவர் அன்ரன் ஆறடி உயரம். குடிவந்த அன்றே, "தலையைப் பாத்து நடவுங்கோ" என்றேன். தலையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

போன சித்திரையில் ஒரு காலை, வேர்வையில் ஒட்டிய பனியனைத் தலைவழியாகக் கழற்றக் கைகளைத் தூக்கினார். ஃபேன் வலது கையில் அடித்தது. முகத்தைத் துணி மூடியிருந்ததால் என்ன நடந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. மூன்று விரல்கள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள்; இரண்டு இன்றுவரை மடங்கவில்லை. அவர் மயிலாப்பூரில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுபவராக இருந்தார். கடைக்காரர் நல்ல மனிதர், மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கத்தரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, தைத்த சட்டைகளை மடிக்கும்படி இவரிடம் சொன்னார். இரண்டு நாள் மடித்தார். மூன்றாம் நாள் போகவில்லை.

ஃபேனை அன்றைக்கே கழற்றி வைத்திருந்தோம். வேறு வாங்கலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருடம் அந்த அறைக்குள் வெந்தோம். எனக்கு அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வன்னியில் இருந்த பங்கர் ஞாபகம் வரும். பனங்குற்றி அடுக்கி அவரே போட்ட கூரை; அதற்குள் நிமிர முடியாது. ஷெல் கூவி வரும்போதெல்லாம் என் தலையைக் கீழே அமுக்கிப் பிடித்தது அந்த வலது கைதான். அத்தனை ஷெல்லுக்கும் தப்பி, படகேறிக் கடல் தாண்டி வந்த கை.

இந்தக் கோடையில் அவர் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். நான் சொல்லாமல் தி.நகருக்குப் போனேன். கடையில் நூறு ஃபேன்கள் தலைக்கு மேல் சுற்றின. விற்பனையாளரிடம், "தம்பி, எங்கட அறை நல்ல பதிவு" என்றேன்.

"பதிவா? இன்னாக்கா பதிவு? எங்க பதிவு பண்ணீங்கோ?"

என் கை தன்பாட்டில் பைக்குள் போய் போலீஸ் பதிவுச் சீட்டின் நகலைத் தேடியது. நம் ஊரில் பதிவு என்றால் தாழ்வு. இங்கே எங்களைப் போன்ற அகதிகளுக்கு அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷன். தாள் பாதி வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தோடு அதை உள்ளே தள்ளினேன். "கூரை உயரமில்லை" என்று மெல்லச் சொன்னேன்.

"ஓ, ஹைட்டு கம்மியா! ராடே இல்லாம கூரையோட ஒட்டி மாட்டுற மாடல் கீது. காத்து கொஞ்சம் கம்மியாத்தான் வரும்."

"கையைத் தூக்கினால் படுமோ?"

"யாரு கை? எவ்ளோ ஹைட்டு அவரு?"

ஆறடி என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப பொய் சொல்ல மாட்டேன்கா. எத்த மாட்டினாலும் படும். ஒண்ணு பண்ணு, அதுக்கு நேர் கீழ கட்டிலைப் போட்டுடு. யாரும் அங்க வந்து நிக்க முடியாது, பாரு."

அப்படித்தான் செய்தோம். எலக்ட்ரீஷியன் மாட்டி முடிக்கும்வரை அன்ரன் வெளியே மொட்டைமாடியில் நின்றார். பிறகு வந்து கட்டிலில் படுத்து, கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது ஊரிலிருந்து அவருடைய தம்பி போன் எடுத்தார். குடும்பக் காணியில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"அண்ணை, சுவர் எத்தினை அடி உயர்த்திறது? மேசன் கேக்கிறார்."

"பன்னிரண்டு." யோசிக்கவே இல்லை.

"நீங்கள் வருவீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. அங்கே போனால் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. இங்கே இன்னும் எத்தனை காலம் இருக்க விடுவார்கள் என்றும் தெரியாது.

"பன்னிரண்டு அடி எண்டு சொன்னனான். கட்டு" என்று போனை வைத்தார்.

பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு, "சன்னல் கடல் பக்கம் வைக்கச் சொல்லேல்லை" என்று கை காட்டினார். மடங்காத இரண்டு விரல்களும் மேற்கே நீண்டன; ஊரில் எங்களுக்குக் கடல் மேற்கில்தான். அந்தப் பக்கம் மயிலாப்பூர்தான் இருந்தது. இங்கே கடல் எங்களுக்குப் பின்னால், கிழக்கே இரைந்துகொண்டிருந்தது.