பிள்ளைப் போர்வைக்கு ஓரம் கட்டிய கதை

எங்கள் வீட்டில் போர்வை வாங்கும் வழக்கம் கிடையாது. தைப்போம். குடும்பத்தில் யாருக்காவது கல்யாணம், யாருக்காவது பிரசவம், யாராவது கப்பலேறிப் பினாங்குக்குப் போகிறார் என்றால், அம்மா பரண்மேலிருந்து துணி மூட்டையை இறக்கிவிடுவாள். நைந்த புடவைகள், கிழிந்த கைலிகள், மஞ்சளேறிய வெள்ளைத் துப்பட்டிகள், என் தையல் கடையிலிருந்து வந்த வெட்டுத் துண்டுகள் என்று எல்லாம் அதில் இருக்கும். புடவைகளைப் பாயில் விரித்து அடுக்கி, மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பெண்கள் நெருக்கமாக நூலோட்டிக்கொண்டே போவார்கள். ஊர்வம்பும் அதோடு சேர்ந்து ஓடும். எங்கள் தெருவில் நடந்த பாதி விஷயங்கள் ஏதாவதொரு போர்வைக்குள் பத்திரமாக இருக்கும் என்று நான் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லி ஒருமுறை ஊசிக் குத்தும் வாங்கியிருக்கிறேன்.

கடைசி வேலை ஓரம் கட்டுவது. நாலு பக்கமும் பட்டி வைத்து மடித்துத் தைத்தால்தான் அது போர்வை, அதுவரைக்கும் வெறும் கந்தல் அடுக்குதான் என்பாள் அம்மா. பிறக்கும் பிள்ளைக்கான போர்வை என்றால் எங்கள் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. உள்ளே தாய்வீட்டுப் பெண்களின் புடவை இருக்க வேண்டும். ஓரத்துக்குத் தாய்மாமன் இடுப்பில் உடுத்திய துணி வேண்டும். மாமன் கை பிள்ளையைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிறது என்று அர்த்தமாம்.

என் தங்கைக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆண் குழந்தை. தாய்மாமன் நான் ஒருவன்தான். ஆகவே பழைய கைலியைக் கொடுத்ததோடு நில்லாமல், ஓரத்தையும் நானே கட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டு பஜாரில் தையல் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, ஒரு நிலைக்கண்ணாடி. தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு அடிக்க வருகிறவர்கள், கோபத்தில் தங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கொஞ்சம் தணியட்டும் என்றுதான் கண்ணாடி. என்னிடம் கால்சட்டை தைத்த ஒரு கோர்ட்டு குமாஸ்தா அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் நாள் முழுதும் நின்றபடியே வேலை பார்த்து, சுறுசுறுப்பான ஆள் என்று பெயர் எடுத்தார். அதுவும் மெஷினில் தைத்தது. கைத்தையல் எனக்குச் சுத்தமாக வராது. ஆனால் பிள்ளைப் போர்வையில் மெஷின் படக்கூடாது, மெஷின் தையல் பச்சைத்தோலில் வரி போடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஓரம்தானே, ஒரு பிடி வேலை என்றேன். அந்த ஒரு பிடியை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். குழந்தை பிறந்தது, பெயர் வைத்தார்கள், தலைமுடி இறக்கினார்கள். தீட்டுக் கழியும் நாற்பதாம் நாளும் நெருங்கிவிட்டது. போர்வை மட்டும் ஓரமில்லாமல் நூல் தொங்கிக்கொண்டு கிடந்தது.

நாற்பது கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போகத் தங்கையின் மாமனார் வருவதாகச் சேதி வந்தது. வீடே கலங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் கோவளத்தில் கருவாட்டு வியாபாரி. நெம்மேலி, திருவிடந்தை என்று கரையோரக் குப்பங்களில் சரக்கு எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். கையில் பசை உள்ள ஆள், ஆனால் பகட்டுக் கிடையாது. தங்கையின் கல்யாணத்தன்று ஏதோ சரக்கு விஷயமாகக் கடற்கரைக்குப் போய்விட்டு, அங்கிருந்து கட்டிய கைலியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், இங்கே வந்து உடை மாற்றிக்கொள்ளலாம் என்று. வாசலில் நின்ற என் பெரியப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மீன் கொண்டுவந்த ஆள் என்று நினைத்து, சமையல் நடக்கிற கொல்லைப்பக்கம் போகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைப் பெற்றவர் கொஞ்ச நேரம் அண்டாக்களுக்கு நடுவே நின்றார். விஷயம் தெரிந்து எல்லோரும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் உடை மாற்றிக்கொண்டு வந்து சபையில் உட்கார்ந்தார். நிக்காஹ் முடிந்தது, சாப்பிடாமல் கிளம்பினார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கையை அங்கே ஒருவரும் குறை சொன்னதில்லை. மாமனார் அவளிடம் பாசமாகத்தான் இருந்தார். ஆனால் அவள் தாய்வீடு என்று பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

அவர்கள் வீட்டில் தலைப்பேரனைப் பாட்டனார்தான் கையில் ஏந்திப் போக வேண்டும் என்று வழக்கம். அதனால்தான் வருகிறார். வாசலில் நின்றபடியே பிள்ளையை வாங்கிக்கொள்வேன், உள்ளே வருவதற்கில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

தங்கை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "அண்ணே, அவரு உள்ள வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போனாத்தான் நானு அந்த வூட்ல நம்ம வூட்டப் பத்தி வாயத் தொறக்க முடியும். இல்லாங்காட்டி இந்தப் புள்ள தாய்மாமன் வூடு எதுன்னு தெரியாமலே வளர்ந்துடும். நீ ஒன்னும் பண்ண வேணாம். அவரு வந்தா ஏந்திரிச்சி நில்லு. சலாம் சொல்லு. கையப் புடிச்சி இட்டாந்து ஒக்கார வை. தமாசு மட்டும் பண்ணாத."

எங்களைப் பெற்ற அத்தா இறந்த பிறகு வீட்டுக்கு ஆண் துணை நான்தான். எழுந்து நிற்பது ஒன்றுதான் எனக்கு இட்ட வேலை. இதைக்கூடச் செய்யத் தெரியாதா என்றேன்.

அவர் வருகிற நாள் காலையில்தான் ஓரத்தை முடிக்க உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எப்படியோ ஏறிவிட்டது. நாலாவது பக்கம் பாக்கி. கூடத்தில் பாய் போட்டு, சப்பணமிட்டு, போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மும்முரமாகத் தைத்தேன். அடுப்பங்கரையில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணந்துகொண்டிருந்தன. என் மனைவி போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, தையல் பல்லிளிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அது எனக்கு ரோஷமாகிவிட்டது. ஊசியை ஆழமாக இறக்கி, இழுத்துக் கட்டி, கெட்டியாகத் தைக்க ஆரம்பித்தேன். அவள் மறுபடி வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணி பஸ்ஸில்தான் வருவார் என்று கணக்கு. அவரோ முதல் பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி ஜட்கா வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் குதிரை கனைத்தது. அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "ஏந்திரிடா" என்று கிசுகிசுத்தாள். நான் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தேன்.

போர்வையும் எழுந்தது.

குனிந்து பார்த்தேன். பட்டிக்கு வெட்டியது நீலக் கட்டம் போட்ட கைலி. நான் அன்று கட்டியிருந்ததும் நீலக் கட்டம் போட்ட கைலி. ஒரே பெருநாளுக்கு, ஒரே கடையில், ஒரே ரகத்தில் இரண்டாக வாங்கியது. ஒன்று சீக்கிரம் கிழிந்தது, இன்னொன்று என் இடுப்பில் உழைத்துக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கட்டத்துக்கும் போர்வை ஓரத்துக் கட்டத்துக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நாலாவது பக்கம் முழுவதையும் என் கைலியோடு சேர்த்துத் தைத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உறுதியான தையல் நான் போட்டதே இல்லை.

ஏழெட்டுப் புடவை அடுக்கிய போர்வையின் கனம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நிமிர்ந்து நின்றால் அது கைலியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். சம்பந்தி முன்னால் கைலி அவிழ்ந்து நிற்பதற்குப் பதில் மரியாதை இல்லாமல் உட்கார்ந்திருப்பதே மேல் என்று அந்த நொடியில் பட்டது. இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் நிலைப்படியில் வந்து நின்றதும் நான் உட்கார்ந்ததும் ஒன்றாக நடந்தன.

உட்கார்ந்தபடியே சலாம் சொன்னேன். பதில் சலாம் வந்தது.  அவர் செருப்பைக் கழற்றவில்லை. கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஒக்காரு தம்பி," என்றார். "வந்தவன் இன்னா கலெக்டரா, நீ ஏந்திரிக்கிறதுக்கு."

 தமாஷ் பண்ணாதே என்று தங்கை சொல்லியிருந்தாள். உள்ளதைச் சொன்னாலே அது தமாஷாகத்தான் இருக்கும். என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன். அதுதான் நான் செய்ததிலேயே மோசமான காரியம்.

"புள்ளயக் குடும்மா," என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். "வண்டி நின்னுகினு கீது."

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. என்னைப் பார்த்த பார்வையில் அண்ணன் என்ற உறவே இல்லை. என் மனைவி நிலைமையைச் சமாளிக்க நினைத்து, பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கொடுக்கலாம் என்று வந்து என் மடியிலிருந்ததை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நான் பாயோடு முன்னால் நகர்ந்தேன்.

"வுடுங்களேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் விடவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு நான் போர்வையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்திருக்கும். பெரியவர் முகம் கறுத்தது.

"இன்னா தம்பி, குடுக்கறதுக்கு மனசு வரலியா? அதயும் சொல்லிடு. கரைக்கிப் போற வழியில ஒன்னு வாங்கிக்கினு போறேன்."

சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்து, போர்வையின் ஒரு மூலையைப் பிடித்து ஓங்கி ஓர் இழு இழுத்தார். கடற்கரையில் மூட்டை தூக்கி வளர்ந்த கை. நான் வழுக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கிடந்தேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"மாமா," என்றேன், "போர்வ வேணும்னா என்னையும் சேத்துத்தான் இட்டுக்கினு போவணும். நா என்னயே அதோட தெச்சிக்கினு கீறேன்."

அவர் குனிந்தார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். என் கைலியைப் பார்த்தார். விரலால் தையலை நெருடி, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடைசிவரை தேடிக்கொண்டு போனார். 

"தெரிஞ்சி தெச்சியா, தெரியாம தெச்சியா?"

"தெரிஞ்சி தெச்சா இவ்ளோ நல்லா வராது மாமா."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். பிறகு குடை கைதவறி விழுந்தது. சிரிப்பு எங்கேயோ வயிற்றுக்குள் தொடங்கி, மேலே வர வழி தெரியாமல் திணறி, இருமலாக வெடித்தது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். சுவரும் உதவவில்லை. செருப்பை உதறிவிட்டு என் பாயிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். குழந்தை மிரண்டு அழுதது. அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். குடிக்கும்போதே என்னைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு வந்து புரையேறியது.

என் மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும்மா, அவுத்து வுடாத. அப்பறம் எங்கனா எழுந்து ஓடிட்டா?" என்றார். "சோறு ஆக்கிக்கினு கீறீங்களா? வாசன வருது."

 அம்மா உள்ளே போய் நெய்ச்சோற்றைத் தட்டில் மலைபோலக் குவித்து, குழம்பை ஊற்றி, எங்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். என்னால் வேறு எங்கும் போய் உட்கார முடியாததால் ஒரே தட்டில் சாப்பிட்டோம். போர்வையில் நெய் சொட்டிவிடுமோ என்று அம்மா அதைச் சுருட்டி என் அக்குளில் திணித்தாள். ஒரு கையால் போர்வையை அணைத்துக்கொண்டு மறுகையால் நான் சாப்பிட்ட அழகைப் பார்த்து அவர் இரண்டு தடவை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நல்ல எலும்பாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். கறி பதமாக வெந்திருக்கிறது என்று அம்மா காதுபடச் சொன்னார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழம்புச் சட்டியோடு வந்து நின்றபோது, நிமிராமலே தட்டைக் காட்டி, "ஊத்து" என்றார். அவள் ஊற்றினாள். போதும் என்று சொல்லும்வரை ஊற்றினாள். அவர் சொல்லவே இல்லை.

வாசலில் ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.

"சாய்ங்கால பஸ்ஸு பாத்துக்கலாம்," என்று பெரியவர் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார். "குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு நீயும் வந்து கையக் கழுவு."

சோறு போதாதே என்று அம்மா என் காதில் சொன்னாள். அதைக் கேட்டு, இன்னும் ஒரு படி போடுகிறேன் என்று தங்கை உள்ளே போனாள். அவள் முறத்தை எடுத்துத் தட்டுவதும், பிறகு அரிசி களைவதும் கேட்டன. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய் அவளை ஒரு வார்த்தை கிண்டல் செய்துவிட்டு வந்திருப்பேன்.