தலைவருக்குக் குளிர்ந்த நாள்

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. அருவங்காட்டு சர்க்கார் வெடிமருந்து ஃபாக்டரியின் கேன்டீனில் வேலை. காலையில் குன்னூரில் பஸ் ஏறினால் இறங்கும்வரை யாரையாவது கிண்டல் செய்துகொண்டே போவார். கண்டக்டர், மடியில் கூடை வைத்திருக்கும் அம்மா, முன்சீட்டில் தூங்கி விழும் ஆள், யாரும் தப்ப முடியாது. அவரிடம் மாட்டிக்கொண்டவர்களே மறுநாள் அவருக்கு இடம் போட்டு வைப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று நான் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, உங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது போலிருக்கிறதே என்று என் அப்பாவிடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

புது ஆட்சி வந்த வருஷத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். எந்த ஆட்சி, எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் ரொம்ப சந்தோஷமாகப் படிப்பார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். நானும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதற்காக இன்று மாரில் அடித்துக்கொள்ளவும் மாட்டேன். முன்னால் இருந்தவர்கள் அடித்த கூத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. புதிதாக வந்தவர் கண்டிப்பானவர் என்றார்கள். கண்டிப்பு நல்லதுதானே என்று நினைத்தேன்.

முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் 'அரசியல் பேசாதீர்கள்' என்று ஒரு போர்டு ரொம்ப வருஷமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசுவார்கள், கடைக்காரர் உட்பட. அந்த வருஷம் யாராவது பேச ஆரம்பித்தால் அவர் போர்டைக் கையால் காட்டினார். கேள்வி கேட்டு எழுதும் பத்திரிகையைப் பேப்பர் கடையில் வெளியே தொங்கவிடாமல் உள்ளே வைத்துக் கேட்டவர்களுக்கு மட்டும் மடித்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் குடியிருந்த வாத்தியார் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று ஏதோ கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு மாற்றல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அதிகம் பயமாக இருந்தது. எங்களை யாரும் வந்து மிரட்டவில்லை, நாங்களாகவே குரலைக் குறைத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் மட்டும் குறைக்கவில்லை. அடக்கி வாசியுங்கள் என்று நான் சொன்னால், நாதஸ்வரக்காரனிடம் போய்ச் சொல் என்பார்.

கோடை சீசனில் எங்கள் பக்கத்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு சின்ன மலர்க்காட்சி வைப்பார்கள். ஊட்டிக்குப் போகும் கூட்டத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் இழுப்பதற்காக. பூவிலேயே மயில் செய்வார்கள், இல்லாவிட்டால் மலை ரயில் செய்வார்கள். அந்த வருஷம் புது ஆட்சியின் தலைவர் முகத்தைச் செய்வதென்று முடிவாயிற்று. மேலே இருந்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் செய்துவிட்டால் நல்லது என்று இவர்களுக்கே தோன்றியிருக்கிறது. தலைவரின் முகம் வாடக்கூடாது என்பதால் ரோஜாவும் செவ்வந்தியும் வேண்டாம் என்றார்கள். எங்கள் மலையில் வாடாப்பூ என்று கட்டுக் கட்டாக விற்பார்களே, தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும் அந்தப் பூவையே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அதைக் கம்பி வலையில் செருகும் வேலைக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. தலைவரின் இடது கன்னம் முழுக்க நான் வைத்தது. எங்கள் வீட்டு மாடியளவு உயரத்துக்கு நின்றது முகம். காலை வெயிலில் பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் என் கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வேலை முடிந்ததும் நேராக வரச் சொன்னேன்.

வாடாப்பூவுக்கு ஒரு குணம் உண்டு. ஈரக்காற்று பட்டால் இதழைச் சுருக்கிக்கொண்டு மொட்டாகிவிடும், வெயில் வந்தால் மறுபடி விரியும். இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற பதற்றத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டமாக மிஸ்ட் ஏறி வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் சுருங்க ஆரம்பித்தார். முதலில் நெற்றி, அப்புறம் கண், அப்புறம் என் கன்னம் உள்ளே போயிற்று. உதடு குவிந்து, பல் இல்லாத கிழவர் மாதிரி ஆகிவிட்டார். இடையிடையே கம்பி தெரிந்தது. சுற்றி அவ்வளவு கூட்டம், ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஏறிட்டுப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"தலைவருக்குக் குளுருதாட்டம் இருக்குதுங்க. ஆராச்சும் ஒரு குல்லா குடுங்க."

அவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை, கட்சி இல்லை, கோஷம் இல்லை. குளிரில் நடுங்குகிற யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் சொல்கிற பேச்சு.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சும்மா விசாரணைதான், ஒரு பத்து நிமிஷம் என்று சொல்லி அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். நான் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றிருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர், வீட்டுக்குப் போங்கம்மா, விட்டுவிடுவார்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். இருட்டும் நேரத்தில் விட்டார்கள். ஒரு அடிகூட அடிக்கவில்லை. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கடைசியில், நீ வேலை செய்கிற இடம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், இன்னொரு தடவை ஏதாவது காதில் விழுந்தால் அங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. இதை வழியில் நடந்துகொண்டே இரண்டு வரியில் சொல்லி முடித்தார். வேறு என்ன கேட்டார்கள் என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

போய்ச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். யாரோ ஒருவர் செய்ததற்காக எல்லோரையும் சந்தேகப்படும்படி ஆயிற்றே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே போகிறார் என்று கண்டக்டர் என்னிடம் வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். வீட்டில் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ரசத்தில் உப்பே போடாமல் வைத்தேன். முன்பென்றால் அதற்கு ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பார். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். தோசையைத் தீய விட்டேன், ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அவர் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு முடியலையா அம்மிணி?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்த மனுஷனைப் பட்டினி போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வாயைக் கட்டி அனுப்பிவிட்டார்களே.

மழைக்காலம் வந்தது. பல நாள் விடாமல் பெய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை எங்கள் ஊரில் யாரும் வீணாக்க மாட்டோம். தெரு முழுக்கக் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன, கம்பளியெல்லாம் வெளியே காய்ந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போனார், திரும்பி வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்து மடித்தும் கொடுத்தார்.

"அன்னிக்கு ஸ்டேசன்ல இன்னொண்ணும் கேட்டாங்க அம்மிணி," என்றார். "நீ சொன்னதுக்கு ஆரெல்லாம் சிரிச்சாங்க, பேரைச் சொல்லுன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒருத்தருமே சிரிக்கலீங்க சார், எனக்கும் அதுதான் வருத்தம்னு சொல்லோணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அறை இருட்டாக இருப்பது எனக்கு உறைத்தது. சொல்வதற்கு முன்னால் எழுந்து போனாரே, அப்போது ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வெளியே அவ்வளவு வெயில். திறக்கலாம் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்.

"இரு அம்மிணி," என்றார். "சிரிச்சு முடிச்சுட்டுத் தொற."