பக்கத்துக் கடை மனு

தாலுகா ஆபீஸில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அதே ஆபீஸுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறேன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், யார் எங்கே சுருக்கொப்பமிடுவார் என்பதெல்லாம் மனப்பாடம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், கணவன் துபாயில். நகலெடுக்க வருகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பாள். அவள் கடையில் கூட்டம் நிற்கும். நான் ஈ ஓட்டுவேன்.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவருடைய கணவருக்கு வாரம் இரண்டு நாள் அரியலூரில் டயாலிசிஸ். வீட்டுப் பாதையில் பங்காளி கல்லுக்கால் நட்டுவிட்டதால் ஆட்டோ நுழைவதில்லை. நோயாளியை நாற்காலியில் வைத்து ரோடு வரை தூக்கிப் போகிறார்கள். நான் எழுதினேன்: 'மேற்படி நபர் ஆள்பலத்தால் அராஜகமாகப் பாதையை ஆக்கிரமித்து, சொல்லொணாத் துயரம் விளைவித்து வருவதால், தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.' படித்துக் காட்டியதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் என் நடை பிடித்திருந்தது.

விசாரணையில் இரு தரப்பும் கேட்கும்படி மனுவை உரக்கப் படிப்பது வழக்கம். நானே பல வருடம் படித்திருக்கிறேன். 'அராஜகம்' வரும் இடத்தில் எதிராளியின் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். மேசை மாறியதும் அது மறந்துவிட்டது.

அம்மாவின் விசாரணையிலும் அந்தச் சொல் வந்ததும் பங்காளி எழுந்து கத்தினாராம்: "நான் என்ன ரவுடியா? எந்த ஆள கூட்டியாந்தேன்? இனிமே ஒரு கல்லக்கூட அசைக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போவச் சொல்லுங்க!"

தக்க நடவடிக்கை கேட்டவருக்கு, 'தக்க அறிவுரை வழங்கப்பட்டது' என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நானும் என் காலத்தில் நிறைய பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மறுவாரம் அந்த அம்மா என் மேசையைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்குப் போனார். ஆதார் நகல் எடுக்கும் சாக்கில் நானும் பின்னால் போய் நின்றேன். கடைக்காரப் பெண் என் மனுவின் நகலைப் படித்துக்கொண்டே கேட்டாள்:

"அராஜகம்னு போட்டிருக்கே, என்னக்கா பண்ணாரு? அடிச்சாரா?"

"அடிக்கவெல்லாம் இல்ல பாப்பா. கல்லு நட்டாரு."

"எத்தன கல்லு?"

"மூணு."

"ஆட்டோவ எந்தக் கல்லு மறிக்குது?"

அம்மா யோசித்தார். "நடுக்கல்லு ஒண்ணுதான்."

"அத மட்டும் எடுத்தா போதுமா?"

"போதும். மத்தது இருந்துட்டுப் போவட்டும்."

இதில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

"சார், உங்களுக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

அவள் எழுதியதை அம்மாவிடம் வாங்கிப் பார்த்தேன். 'பாதையில் மூன்று கல் நட்டிருக்கிறார். நடுக்கல் இருப்பதால் ஆட்டோ வாசலுக்கு வர முடியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் என் கணவரை நாற்காலியில் தூக்கிப் போகிறோம். நடுக்கல்லை மட்டும் எடுக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். 'பொருள்', 'பார்வை' என்ற தலைப்புகளோ 'பணிந்து' என்ற சொல்லோ எதுவும் இல்லை. இது தோற்கும் என்று நினைத்தேன். தோற்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதே சரி.

விசாரணை நாளன்று அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மனுவைப் படித்தார்கள். கோபப்படத் தயாராக வந்திருந்த பங்காளி, முடிந்த பிறகும் காத்திருந்தார்.

"அவ்ளோதாங்களா?"

"அவ்ளோதான்யா."

அவர் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன நாற்காலியிலயா தூக்கிட்டுப் போறீங்க? அந்தக் கல்ல சாயங்காலமே புடுங்கிடறேன். மத்த ரெண்டு என் எல்லை, அது இருக்கும்."

"இருக்கட்டும் தம்பி," என்றார் அம்மா.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். "நீங்களும் நல்லாத்தான் சார் எழுதுனீங்க," என்றார்.

நல்லா என்றால் எந்த வகையில் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் ரோட்டைத் தாண்டி ஜெராக்ஸ் கடைப் படியில் ஏறிவிட்டார்.