ஓப்தாத்தாவின் கதவில் தொங்கிய இலை

ஜனவரி முதல் நாள்: ஓப்தாத்தா, ரொட்டிக்கடை, அடக்கச் சங்கச் சந்தா, ஐந்து செப்புக்காசு.
பிப்ரவரி முதல் நாள்: ஐந்து.
மார்ச் முதல் நாள்: ஐந்து.
ஏப்ரல் முதல் நாள்: ஐந்து.
மே முதல் நாள்: கட்டவில்லை.

இது பேரரசர் செவேருஸ் ஆட்சியின் பத்தாம் ஆண்டுக் கணக்கு. ஓஸ்தியா துறைமுகத்தில் எங்கள் தெருவின் அடக்கச் சங்கத்துக்கு நான்தான் கணக்கன். உறுப்பினர் இறந்தால் சங்கச் செலவில் அடக்கம் நடக்கும். ஓப்தாத்தா சந்தா தவறியவள் அல்ல.

அவள் ஒரு கப்பல்காரர் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். கணவன் இறந்த பிறகு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அடுப்பு போட்டாள். இடது முழங்கை வரை சூட்டுத் தழும்பு. எடையில் ஏமாற்ற மாட்டாள். கடன் சொன்னவனை மறக்கவும் மாட்டாள். சங்க விருந்தில் பேரரசர் பெயரைச் சொல்லி எல்லோரும் மது வார்க்கும் நேரத்தில் மட்டும் ரொட்டி கருகுகிறது என்று அடுக்களைக்குப் போய்விடுவாள். ஏன் என்று எங்களில் பலருக்குத் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

அந்த ஆண்டு மீன்சாறு விற்கும் துர்ப்பியோ தெருத் தலைவன் ஆனான். குளியல் கூடத்தில் அடுப்பெரிப்பவனையும் அவன் மனைவியையும் கிறிஸ்தவர்கள் என்று மார்ச்சில் பிடித்துப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பின் தெருவில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கிறிஸ்தவர்கள் குழந்தையை மாவில் புதைத்துச் சுட்டுத் தின்பார்கள் என்ற பேச்சும் அடிபட்டது.

துர்ப்பியோ கடை முன் வந்து நின்றான்.

"என்ன ஓப்தாத்தா, மாவுத் தொட்டியில ஏதோ நெளியுதே. யார் வீட்டுப் புள்ள?"

"எலியா இருக்கும். உன் மீன்சாறு நாத்தம் தாங்காம இங்க ஓடி வந்திருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். துர்ப்பியோவும் சிரித்தான்.

"நல்லா பேசு. பதினொண்ணாந் தேதி ராசா பொறந்தநாள். எல்லார் கதவுலயும் வாகை இலை தொங்கணும், விளக்கு எரியணும். உன் கதவை நானே வந்து பார்ப்பேன்."

சிரிப்பு நின்றது. எனக்கு முன்னால் நின்ற பெண் ரொட்டி வாங்காமலே போய்விட்டாள்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி விடிந்ததும் நான் சன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தேன். தெருவெங்கும் இலை. ஓப்தாத்தாவின் கதவிலும் தொங்கியது. கீழே அகல் எரிந்தது. அவள் பின்கட்டில் அடுப்பருகே இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. இலையைக் கட்டியவள் மேல்மாடியில் கம்பளி நூற்கும் கால்வெந்தியா. அவளுக்குக் கிறிஸ்துவும் தெரியாது, வேறெந்த வம்பும் தெரியாது. ஓப்தாத்தாவை இழக்கப் பயந்தாள், அவ்வளவுதான்.

அப்போது எப்பகாத்துஸ் வந்தான். கயிறு திரிப்பவன். கிறிஸ்தவர்கள் கூட்டத்துக்குத் தினமும் அவன்தான் ரொட்டி வாங்கிப் போவான். கதவைப் பார்த்தான். கூடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். உள்ளிருந்து கண்ட ஓப்தாத்தா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"தம்பி, ரொட்டி?"

"வேண்டாக்கா. ராசாவைக் கும்பிட இலை கட்டின கை ரொட்டியை இனிமே எங்க மேசையில வைக்க முடியாது."

அவள் திரும்பி இலையைப் பார்த்தாள்.

"இது நான் கட்டல தம்பி. மேல்வீட்டு அக்கா வேலை."

"போன வருசமும் ரெண்டு பேர் இதையேதான் சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரி கட்டினா, எனக்குத் தெரியாதுன்னு." அவன் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டான். "உனக்குப் பயம்னா எனக்குப் புரியுது. எனக்கும் பயந்தான். ஆனா கதவு சொல்றதைத்தானே நம்ம கூட்டத்துப் பெரியவர் நம்புவாரு."

அவன் போய்விட்டான். கால்வெந்தியா படியில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, ஒரு நாள் தொங்கட்டுமே. நாளைக்கு நானே எடுத்துடறேன். உன் சாமி இலையைப் பார்த்தா கோவிச்சுக்குமா?"

"என் சாமி கோவிக்காதுக்கா. நான் சாமியை விட்டுட்டேன்னு எங்க கூட்டத்துல நினைக்கிறாங்களே. சங்கம் காசு குடுக்கும், செத்தா என்னைத் தூக்க அவங்கதான் இருக்காங்க."

"நான் இல்லையா?"

   ஓப்தாத்தா குனிந்து அகலை ஊதி அணைத்தாள். இலையை அவிழ்த்து, கிழிக்காமல், கால்வெந்தியாவின் கையில் கொடுத்தாள். எதிர்ச்சாரியில் சன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. நானும் மூடினேன். துர்ப்பியோ தெருக்கோடியில் நின்றுகொண்டிருந்தான்.

மதியத்துக்குள் வந்து கூட்டிப் போனார்கள். விசாரணையில் பேரரசர் சிலை முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடச் சொன்னார்கள், இரண்டு முறை. போட மாட்டேன் என்றாள். சார்தீனியத் தீவின் சுரங்கத்துக்கு அனுப்பத் தீர்ப்பானது. கப்பலேற்றும் நாளில் கால்வெந்தியா துறைக்குப் போனாள். எப்பகாத்துஸும் தூரத்தில் நின்றானாம், முக்காட்டோடு. பக்கத்தில் வர இருவருக்குமே துணிவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலுமி ஓப்தாத்தாவின் முதல் கடிதத்தைக் கொண்டுவந்தான். கால்வெந்தியாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் வந்தாள். கதவைத் தாழிட்டுத் தணிந்த குரலில் படித்தேன். அங்கேயும் மாவுதான் பிசைகிறாள், கைதி என்ற அடையாளத்துக்குப் பாதித் தலையை மழித்திருக்கிறார்கள், இருமல் இருக்கிறது. 'அக்கா, நீ கட்டினதுல எனக்குக் கோபமில்ல. பயத்துல கட்டின. நானும் பயத்துலதான் அவுத்தேன்.'

"உசிரோட இருக்கா," என்றாள் கால்வெந்தியா. அன்று முதல் சார்தீனியக் கப்பல் வரும்போதெல்லாம் படியில் உட்கார்ந்துவிடுவாள். கப்பல் வராவிட்டால் பயம். வந்தால் அதைவிடப் பயம். துர்ப்பியோ ஒருநாள் நின்று, "யாருக்காகக் காத்திருக்க?" என்று கேட்டான். "கம்பளிக்கு," என்றாள்.

இரண்டாவது கடிதம் ஓப்தாத்தா சொல்லி எழுதியதல்ல. அவளோடு மாவு பிசைந்த ஒருத்தி எழுதச் சொன்னது, மூன்றே வரி. இருமல் மார்பில் இறங்கிவிட்டது. ஐந்து நாள் படுத்திருந்தாள். கிறிஸ்தவர்களும் அல்லாதவர்களுமாகச் சேர்ந்து தூக்கிப் போய்ப் புதைத்தார்கள். அதற்குப் பின் அங்கிருந்து எதுவும் வரவில்லை. அந்தக் கடிதம் வந்தது அக்டோபர் ஒன்பதாம் நாள் என்று இந்தக் கணக்கில் குறித்திருக்கிறேன்.