புழு ஊற்றும் ஆரோக்கியமேரி

இடது கையால் தன் காது மடலைக் கிள்ளிப் பார்க்கிறார். வலது கையால் புழுவைக் கிள்ளிப் பார்க்கிறார். இரண்டும் ஒரே பதமாக இருந்தால் புழு தட்டுக்குப் போகும். காதைவிடக் கெட்டியாக இருந்தாலும், காதைவிடக் கொழகொழவென்று இருந்தாலும், மறுபடி உருக்குவதற்காகக் காலடியில் இருக்கும் எவர்சில்வர் வாளிக்குள் விழும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் இருநூறு புழு பார்த்துவிடுவார். இத்தனை கிள்ளலையும் வாங்கும் இடது காது எப்போதும் சற்றுச் சிவந்தே இருக்கும். அந்தக் காதில் தோடு போடுவதையும் விட்டுவிட்டார். ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், "மீனு ஒவ்வொன்னையும் பாக்குதுல்ல?" என்பார்.

புழு என்றால் உயிருள்ள புழு இல்லை. தூண்டில் முள்ளில் மாட்டுகிற, ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக் புழு. அமெரிக்காவில் ஏரிகளில் பாஸ் என்ற மீனைப் பிடிப்பதற்காக வந்த பொருள். அடையாறு கடலில் சேரும் இடத்தில் நம் ஊர்க் கொடுவா மீனுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஆரோக்கியமேரியின் சமையலறையில் இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் 'சோறு' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இன்னொன்றின் மேல் 'புழு'.

புழு அடுப்பில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் திரவம் சூடாகிறது. பால் போல இருப்பது, கொதிக்கிற பக்குவத்தில் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்த நிமிடத்தை விட்டால் கருகிப்போகும். வண்ணம், ஜிகினாத் தூள், ஜாம்பஜார் மார்க்கெட்டில் வாங்கி அரைத்த கூனி இறால் பொடி எல்லாம் சேர்த்து, பெரிய ஊசிக் குழாயில் உறிஞ்சி, அலுமினிய அச்சுக்குள் செலுத்துகிறார். முகத்தில் முகமூடி, ஜன்னல்கள் எல்லாம் திறந்து. மேல் வீட்டு வைதேகி வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் கூனிப்பொடி டப்பாவைத் திறப்பார். அது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இதற்கு முன் பன்னிரண்டு வருடம் மயிலாப்பூரில் பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை பார்த்தார். அச்சு எடுப்பது, மெழுகு செதுக்குவது, வெள்ளையில் பதினாறு விதம் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அங்கே படிந்த பழக்கம். "அப்போ மனுசன் வாய்க்கு வேல செஞ்சேன். இப்போ மீன் வாய்க்கு. மனுசன்தான் திரும்பி வந்து கொற சொல்லுவான்" என்று சிரிப்பார்.

தம்பி இக்னேஷியஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்குத் தூண்டிலோடு போகிறவர். கப்பலில் வேலை செய்யும் நண்பர் கொடுத்த அமெரிக்கப் புழு பாக்கெட்டில் கடைசி ஒன்று மிஞ்சியபோது, அதைத் தண்ணீரில் போடவும் மனமில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அக்கா அதை வாங்கி, பல் அச்சு எடுக்கிற மாவில் அழுத்தி அச்சு எடுத்துவிட்டார். முதல் புழு அப்படித்தான் பிறந்தது. காப்பி அடித்ததை அவர் மறைப்பதில்லை.

ஆனால் அந்தப் புழுவை இங்கே மீன் அவ்வளவாகத் தொடவில்லை. தம்பியை விட்டு ஆற்றுச் சேற்றிலிருந்து நிஜப் புழு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைப் பேசினில் தண்ணீர் ஊற்றி அதை விட்டு, நான்கு நாள் மாலையில் எதிரே உட்கார்ந்து பார்த்தார். அது நீந்தவில்லை, பயந்து ஓடுவது போல வாலை மட்டும் உதறியது. வாலை அகப்பை போலத் தட்டையாக்கி, கழுத்தை மெலிதாக்கி, பதினேழாவது அச்சில் அந்த உதறல் வந்தது. 'நெளியன்' என்று பெயர் வைத்தார். ஒரு வருடத்தில் லேப் வேலையை விட்டார்.

நெளியனில் பாதி, ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஷரஃபுதீனின் தூண்டில் கடையில்தான் விற்கிறது. சைக்கிள் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. ஆனால் அவர் ஒரு பொருளை ஆணியில் மாட்டினால் கோவளம் வரைக்கும் உள்ள கடைக்காரர்கள் மாட்டுவார்கள். கழற்றினால் கழற்றுவார்கள்.

போன வருடம் மார்ச்சில் அதே ஆணியில் இன்னொரு பாக்கெட் தொங்கியது. அதே பச்சை, அதே அலைப் படம், அதே வளைவில் படுத்திருக்கும் புழு. 'ரிவர் ராஜா' என்று பெயர் மட்டும் வேறு. விலை பத்து ரூபாய் குறைவு. ஆரோக்கியமேரி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். லேபில் பயன்படுத்திய அளவுக் கருவியால் தலையிலிருந்து வால் வரை அளந்தார். தன் புழுவைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருந்தது.

"நம்ம புழுவ வெச்சே அச்சு எடுத்துக்கீறான் பாய்" என்று மறுநாள் ஷரஃபுதீனிடம் சொன்னார். "ஊத்துன பொருள்லருந்து மறுபடி அச்சு எடுத்தா கொஞ்சம் சுருங்கும். பல்லுக்கும் அதான் கணக்கு."

இக்னேஷியஸ் வக்கீலைப் பார்க்கலாம் என்று குதித்தார். அமெரிக்காக்காரனிடம் நாம் கேட்டுக்கொண்டா எடுத்தோம் என்று அக்கா கேட்டதும் அடங்கினார். அதற்காக அக்கா சும்மா இருக்கவும் இல்லை. அந்த மாதமே இரண்டு புது வண்ணம் ஊற்றினார்.

ஏப்ரலில்தான் பெரிய பிரச்சினை வந்தது. டில்லிபாபு என்று ஒருவர் உண்டு, ஏ.சி. மெக்கானிக். ஞாயிறு முழுக்க உடைந்த பாலத்தில் தூண்டில் போடுவார், மீதி ஆறு நாளும் அதைப் பற்றிப் பேசுவார். ஆரோக்கியமேரி புதுச் சரக்கோடு கடைக்கு வந்திருந்த நேரத்தில் அவர் தன் தூண்டில் டப்பாவைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தார். இருபது புழுவும் உருகி ஒரே கட்டியாக, பச்சையும் சிவப்பும் கலந்து பிசுபிசுவென்று விழுந்தது. டப்பாவின் அடியும் அரித்திருந்தது.

"பாருக்கா, அல்வா கிண்டி வெச்சிக்கீற" என்றார். "கம்பெனிக்காரன் மிஷின்ல பண்றான். நீ சோறாக்குற எடத்துல பண்ற. உன் புழு உருகி அவன் புழுவையும் கெடுத்துச்சு."

ஆரோக்கியமேரி கட்டியை எடுத்து முகர்ந்தார். இதில் எத்தனை அவருடையது, எத்தனை ரிவர் ராஜா என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்றார் டில்லிபாபு. நெளியனை மட்டும் தனியாக வைத்த டப்பா ஏதாவது இருக்கிறதா என்று ஆரோக்கியமேரி கேட்டார்.

"யாருக்கா தனியா வெப்பா? மீனு இன்னா பிராண்டு கேட்டுக்கினா கடிக்குது?"

ஷரஃபுதீன் அதிகம் பேசாதவர். அந்த வாரத்தில் வந்த மூன்றாவது டப்பா இது என்று மட்டும் சொன்னார். பிறகு, ஆணியைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் பாக்கெட்ட எடுத்துக்கோ மேரிம்மா" என்றார்.

அந்த ஆணி காலியானால் என்ன ஆகும் என்று ஆரோக்கியமேரிக்குத் தெரியும். மற்ற கடைகளும் ஒவ்வொன்றாகக் காலியாகும். லேபில் அவர் நாற்காலியில் இப்போது வேறு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆரோக்கியமேரி கெஞ்சவில்லை. பத்து நாள் கேட்டார். கூடவே, கடை முகப்பின் கண்ணாடி அலமாரியில் வெயில் படுகிற மேல்தட்டையும் கேட்டார்.

மறுநாள் மூன்று ஊறுகாய் பாட்டில்களோடு வந்தார். மூன்றும் கண்ணாடி, ஏனென்றால் புழுவில் இருக்கும் எண்ணெய் சில பிளாஸ்டிக்கை அரிக்கும். பிரிக்காத பாக்கெட்டுகளிலிருந்து டில்லிபாபுவையே புழு எடுக்கச் சொன்னார். முதல் பாட்டிலில் நெளியன் மட்டும் நான்கு. இரண்டாவதில் ரிவர் ராஜா மட்டும் நான்கு. மூன்றாவதில் அதில் இரண்டு, இதில் இரண்டு. மூடி மேல் டேப் ஒட்டி, டில்லிபாபுவைக் கையெழுத்துப் போட வைத்தார். பேங்க் லோனுக்குப் போடுவது போல அவர் மூன்றிலும் நீளமாகச் சுழித்துப் போட்டார்.

அதன் பிறகு ஆரோக்கியமேரி தினமும் பதினோரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார். பாட்டிலைத் தொட்டதில்லை. கடைக்குள் கால் வைத்ததும் இல்லை. எந்தப் புழு உருகும் என்று சந்தில் டீ பந்தயம் தொடங்கிவிட்டது. முடிவு தெரியும் வரை ஊற்றுவதையாவது நிறுத்தலாமே, பொருள் வீணாகுமே என்று தம்பி சொன்னபோது, "பாட்டில் அது வேலய பாக்குது. நான் என் வேலய பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அச்சை இறுக்கினார். அன்றைக்கும் இருநூறுதான்.

நான்காம் நாள் மூன்று பாட்டிலிலும் ஒரு மாற்றமும் இல்லை. "ரெண்டு கம்பெனியும் சம்பந்தி ஆயி ஜாலியா குந்திக்கினு கீதுக்கா" என்றார் டில்லிபாபு. ஆறாம் நாள் ஆரோக்கியமேரியின் பாட்டிலில் மட்டும் உள்பக்கம் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்திருந்தது. டில்லிபாபு அதைக் கண்ணாடி மேல் விரல் வைத்துக் காட்டினார். இந்த முறை கேலி செய்யவில்லை. அன்று மதியம் சோறு அடுப்பு எரியவில்லை என்கிறார் இக்னேஷியஸ். ஏழாம் நாள் ரிவர் ராஜா பாட்டிலும் அதே போல வியர்த்திருந்தது. வெறும் வெயில் வியர்வைதான். மூன்றாவது பாட்டிலில் மட்டும் நான்கு புழுவும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருந்தன.

ஒன்பதாம் நாள் டில்லிபாபு அதைச் சாய்த்தபோது, புழு இருந்த இடத்திலிருந்து ஒரு குழம்பு மெதுவாக நகர்ந்தது. மற்ற இரண்டையும் திறந்து மேசை மேல் கொட்டினார். எட்டுப் புழுவும் முழு உருவத்தோடு விழுந்து துள்ளின.

"அப்போ ரெண்டு பேர் புழுவும் நல்ல புழுதானா?"

"நல்ல புழுதான். சேத்து வெச்சதுதான் தப்பு" என்றார் ஆரோக்கியமேரி. "அவன் உருவத்ததான் எடுத்தான், உள்ள நான் இன்னா ஊத்துறேன்னு அவனுக்குத் தெரியாது. வேற எதையோ ஊத்திட்டான். ரெண்டும் ஒத்துக்காது. பாக்க வேற வேற மாதிரி இருந்தா நீயும் வேற வேற டப்பால வெச்சிருப்ப."

டில்லிபாபு தலையைச் சொறிந்துகொண்டு டீ சொல்லப் போனார். பந்தயத்தில் தோற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் ஷரஃபுதீன் இன்னும் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிவர் ராஜாக்காரர்கள்தான் அவருக்கு ரீலும் நைலான் நூலும் தருகிறவர்கள். அவர்கள் புழுவைக் கழற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

"உன் மேல தப்பில்ல, ஒத்துக்கறேன்" என்றார். "வர்றவன் போறவன்கிட்டல்லாம் நான் பாடம் எடுத்துக்கினு இருக்க முடியுமா? ஒரே ஆணில தொங்குனா ஒரே டப்பாக்குள்ளதான் போவும். ஒன்னுதாம்மா இருக்க முடியும்."

ஆரோக்கியமேரி பையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டை எடுத்து வைத்தார். பாக்கெட்டுக்குள் போடுவதற்காக அச்சடித்தவை. 'இந்தப் புழுவை வேறு எந்தக் கம்பெனிப் புழுவுடனும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். இரண்டும் உருகிவிடும்' என்று சிவப்பில் இருந்தது. ரசீதில் தேதி இருந்தது. பாட்டில்கள் ஒன்றும் சொல்லாத அந்த நான்காம் நாளிலேயே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்.

ஷரஃபுதீன் இரண்டு முறை படித்தார். "இதையும் அவன் காப்பி அடிப்பான்."

"அடிக்கட்டும் பாய். இத அடிக்கணும்னுதான் மாதாகிட்ட வேண்டிக்கினு கீறேன்."

பிறகு அவர் கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். ஆணி இருந்த சுவருக்கு நேர் எதிர்ச் சுவரில், பழைய வருடக் காலண்டர் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. "சுத்தியல் ஒன்னு கீதா பாய்?" என்று கேட்டார்.

ஷரஃபுதீன் எழுந்து போய், அந்தக் காலண்டரைத் தன் கையாலேயே கழற்றினார்.

முதல் ஆணி மடங்கியது. இரண்டாவது தெறித்து பிரியாணிக் கடைப் பக்கம் போய் விழுந்தது. டீயோடு திரும்பி வந்த டில்லிபாபு, தான் அடிப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினார். ஆரோக்கியமேரி சுத்தியலைக் கொடுக்கவில்லை. உதட்டில் கவ்வியிருந்த மூன்றாவது ஆணியை எடுத்து, சுவரில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, கெட்டியான ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, ஆணியை நிறுத்தி ஓங்கி அடித்தார்.