கடைசி அத்தியாயத்தில் யார் விழுகிறார்கள்?

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவளிடம் யாரும் கதையைக் கேட்பதில்லை, முடிவைத்தான் கேட்பார்கள்.

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் என் நூலகம் நடக்கிறது. கார் இன்னும் வாங்கவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள்தான் அதிகம் போகும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கதை: வகுப்பே சேர்ந்து ஒரு பிள்ளையைப் படுத்தும், கடைசியில் அந்தப் பிள்ளை திருப்பிக் கொடுக்கும், ரத்தம் வரும். அட்டை போடும்போதே எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் இருக்கும் என் மைதிலியை யார் படுத்துகிறார்களோ என்று நடுங்குவது என் உபரி வேலை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று முடிவுகள்

எதிர் ஃபிளாட்காரரை, இந்த ஊர் வங்காள வழக்கப்படி, அண்ணி முறை வைத்து பௌதி என்று கூப்பிடுவேன். மகனுக்குப் பள்ளியில் இந்த மாதிரி ஒரு நாவல் படிக்கச் சொன்னார்களாம். மூன்றை எடுத்து வைத்தேன். நின்றபடியே மூன்றின் கடைசிப் பக்கத்தையும் படித்தார். ஒன்றில் கத்தி, ஒன்றில் தீ, ஒன்றில் ஆஸ்பத்திரி. மூன்றையும் மூடிவிட்டுச் சொன்னார்:

"இதே புத்தகம், யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணாம இருக்கிற மாதிரி இருக்கா?"

மாலைப் பரிசோதனை

நாவல்களில் படுத்தப்படுகிற பிள்ளை பட்டினி கிடக்கும், பொருள்களைத் தொலைக்கும். அதனால் மைதிலி வந்ததும் பையைக் குடைவேன். எதுவும் தொலைவதில்லை. புதிதாக ஒரு ஹேர் கிளிப் இருக்கும். காலி டிபன் டப்பாவில் நான் கொடுத்தது தயிர் சாதம், அவள் வாயில் மணப்பது பூரியும் உருளைக்கிழங்கும். தோழி கொடுத்தாளாம். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பேங்க்கிலிருந்து வந்த என் கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"கஷ்டப்படற குழந்தை இப்படி ஊதிப் போகாது, லலிதா."

தைரியத்துக்கு ஒன்று

கரியாஹாட்டிலிருந்து ஷர்மிளா என்று ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். அவர் மகள் டுக்டுகி தினமும் காலையில் அழுகிறாளாம். வகுப்பில் ஒருத்தி இவளைப் பை தூக்க வைக்கிறாள், இவள் டிபனைத் தின்கிறாள், கிளிப்பைப் பிடுங்கிக்கொள்கிறாள். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது. இருப்பதிலேயே காட்டமான நாவலை எடுத்துக் கொடுத்தேன். அதில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் தன்னைப் படுத்தியவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுவாள். இரண்டு காலும் போகும். "படிக்கட்டும், தைரியம் வரும்" என்றேன். ஷர்மிளா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு பேர்கூட மைதிலி. உங்க ஊர்க்காரங்கதான், யாருன்னு தெரியுமா?"

கண்ணாடி துடைத்தல்

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கத்தமாட்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார்கள். நாங்களாகவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவோம். மைதிலியை எதிரே உட்காரவைத்து நானும் துடைத்தேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு, ஒரு தப்பும் செய்யாதவள் போல:

"அவ வேண்டாம்னு சொன்னதே இல்லம்மா. அழுதுக்கிட்டே குடுத்துடுவா."

இரண்டாம் மாடி

மறுநாள் சாயங்காலம், கிளிப்புகளோடு மைதிலியை ஷர்மிளா வீட்டுக்கு இழுத்துப் போனேன். லிஃப்ட் இல்லை. படியேறும்போது சுவரோரமாகவே நடக்கச் சொன்னேன். வாசலில் நின்று, "அந்த மைதிலி என் பொண்ணு" என்றேன். ஷர்மிளா கதவை முழுக்கத் திறந்தார். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும் மைதிலிக்கு; வங்காளத்திலேயே மன்னிப்புக் கேட்டாள், முதல் முறையாக அழுதாள்.

குச்சிக் கைகளோடு டுக்டுகி கிளிப்புகளை வாங்கிக்கொண்டாள். நான் புத்தகத்துக்குக் கை நீட்டினேன். எடுத்து வந்து கொடுத்தாள். பிறகு மைதிலியின் கால்களை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஆன்ட்டி, இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?"

இப்போதும் தினமும் நடுங்கத்தான் செய்கிறேன். என் பெண்ணுக்காகவா, என் பெண்ணைப் பார்த்தா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.