பல்லைக் கடித்தது நான்தான்

சிஞ்ஞோரா லூச்சியாவின் வீட்டில் எங்கு திரும்பினாலும் பச்சைப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒன்று, குளியலறைக் கண்ணாடியின் மூலையில் இன்னொன்று. எழுதுபொருள் கடையில் வாங்கிய சின்ன வட்டத் தாள்கள்தான். அவற்றில் ஒன்று கண்ணில் பட்டதும் நான் கைவேலையை விட்டுவிட்டு மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் பிரித்து வைக்க வேண்டும். உதடு மூடியிருக்கலாம், பல் ஒட்டக்கூடாது, நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்க வேண்டும். இது பல் டொக்டரின் கட்டளை. சிஞ்ஞோராவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இந்தப் பொட்டுகள் எதற்கு என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் "பல்லுக்காக" என்றேன். அவன் நேரே போய்த் தன் அம்மாவின் கட்டுப்பல்லைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் வெங்காயம் நறுக்கினேன்.

இத்தாலியின் வெரோனா நகரத்தில் இந்த முதிய அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, கூடவே இருப்பது என் வேலை. இதைச் செய்பவளை இங்கே பதாந்தே என்பார்கள்; சிஞ்ஞோரா என்றால் அம்மா. நான் வந்து சில மாதங்களில் சிஞ்ஞோரா சுவருக்குள் எலி இருக்கிறது என்று புலம்ப ஆரம்பித்தார். எதையோ கொறிக்கிறது, தூங்க முடியவில்லை என்றார். பொறி வைத்தோம், எலி விழவில்லை. கடைசியில் அந்த எலி, பக்கத்து அறையில் தூக்கத்தில் பல்லைக் கடித்த நான்தான் என்று தெரியவந்தது. அதற்குள் எனக்குக் காதுக்குள் குத்து, நெற்றிப்பொட்டில் இடி, கொட்டாவி விட்டால் தாடையில் 'டக்' என்று சத்தம். இந்த ஊர் ரொட்டியின் மேல்தோலைக் கடிக்க முடியாமல் பாலில் ஊறவைத்துத் தின்றேன். காது டொக்டரிடம் போனேன், காதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

பல் டொக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன என்றார். இரண்டு விரலால் கன்னத்தின் உட்பக்கத்தை அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, "சிஞ்ஞோரா, யார் மேலாவது அர்ராபியாத்தாவா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை மிளகாய் போட்ட சிவப்புக் குழம்பின் பெயராக மட்டும்தான் எனக்குத் தெரியும். "எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டு அம்மாவுக்குக் காரம் ஆகாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்றேன். உதவிக்கு நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்து முஷ்டியை உயர்த்திக் காட்டினாள். கோபமா என்று கேட்கிறார்கள். இல்லை, இல்லை, எனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று தலையாட்டினேன். டொக்டரின் விரல் இன்னும் என் தாடையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லும்போதே அது அவர் விரலுக்கடியில் இறுகியது. அவர், இரவில் பல் அரைபடாமல் வாய்க்குள் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு அளவெடுத்தார். இங்கே அதைப் பைட் என்கிறார்கள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடு, கெட்டியானதைக் கடிக்காதே, தாடை பூட்டிக்கொண்டால் பதறாமல் காதுக்கு முன்னால் இருக்கும் தசையை மெல்ல வட்டமாகத் தேய் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல்லைக் கடிக்கிற பிள்ளைக்குப் பூச்சி மருந்துதான். வளர்ந்த பொம்பளைக்கு எந்த மருந்தும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வதுதான் அவள் வேலையே. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். கூடைக் கயிறு உச்சந்தலையில் தொங்கும். பச்சைக் கொழுந்து சேரச் சேரக் கழுத்து பின்னால் இழுபடும், தாடையை இறுக்கினால்தான் தலை நேராக நிற்கும். மழையில் நனைந்த கொழுந்தென்றால் கேட்கவே வேண்டாம். அந்த வலி, லயம் என்கிற வரிசை வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியதும் போய்விடும். நான் சொல்ல வருகிற வலி வேறு.

மஸ்கெலியாவிலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய தோட்டம் அது. ஒரு வருடம், முழுச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள். வயதானவர்களாலும் பிள்ளை பெற்று எழுந்தவர்களாலும் அது முடியாத காரியம். பழைய அளவுக்கு இறங்கும்வரை யாரும் மலைக்குப் போவதில்லை என்று பெண்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசினோம். எங்கள் ஊரில் பேச்சு மட்டும் போதாது. கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சூடம் அணைத்த சொல்லை மீறினால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் கையை வைத்தவள் செல்வி, என் கணவரின் தங்கை. "நம்ம லயத்துல ஒருத்தி பெரட்டுக்குப் போனா அவ பொம்பளையே இல்ல" என்று கத்தினாள். இரண்டாவதாக நான் கையை வைத்தேன்.

மறுநாள் காலை பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். லயமே அமைதியாக இருந்தது. எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மேல் மலையில் கூடைகள் தெரிந்தன. முன்வாசல் வழியாக வந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று கோழிக்கூட்டுப் பக்கமாகப் போயிருக்கிறார்கள். முதல் வரிசையில் செல்வியின் சிவப்புத் தலைத்துண்டு. தோட்ட மேலாளரான துரை அளவைக் குறைக்கவில்லை, என் பேரைத்தான் வெட்டினார். தூண்டிவிட்டவள் நான் என்று கங்காணியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். வேலை போனதும் லயத்து அறையும் போயிற்று. நானும் கணவரும் கொழும்புக்குப் போனோம், அவர் இறந்த பிறகு நான் இத்தாலிக்கு வந்தேன். அன்று வாசலில் நின்றபோது இறுகிய தாடை பிறகு முழுதாகத் தளரவே இல்லை.

செல்வி போனில் பேசுவாள். சுகமா மதினி, குளிரா மதினி என்பாள். அந்தக் காலையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். நாங்க உங்கள விட்டுட்டுப் போயிட்டோம் மதினி என்று அவள் வாயால் வர வேண்டும். அதற்காகத்தான் இந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போனேன். சிஞ்ஞோராவின் மகனிடம் சாமி கும்பிடப் போகிறேன் என்று சொன்னது பாதிப் பொய்.

செல்வி இப்போது தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. கரகம் பாலிக்க, அதாவது ஆற்றங்கரையில் கரகத்தை அலங்கரித்து எடுத்துவர, போனவர்களை எதிர்பார்த்துக் கோயில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். இளம் பெண்கள் சிலர் செல்வியைச் சுற்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

"இதே எடத்துலதான் சூடத்த அணைச்சேன். மறுநா பாத்தா ஒருத்தி இல்ல, அத்தன பேரும் மலைக்குப் போயிட்டாளுக. நான் ஒருத்திதான் வாசல்ல நின்னேன்" என்றாள் செல்வி.

"பயமா இல்லீங்களா அக்கா?" என்றாள் ஒரு பெண்.

"ஆத்தா இருக்கா, நமக்கென்ன பயம்?"

அவள் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி என் வாசலில் அவளே நின்றுவிட்டாள். வேலையைப் பறிகொடுத்தேன், வீட்டைப் பறிகொடுத்தேன். நான் தனியாக நின்றேன் என்பது ஒன்றுதான் எனக்கென்று மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

தாடை பூட்டிக்கொண்டது. அதே நேரத்தில் கரகம் வந்து சேர்ந்தது. தப்பு மேளம் என் நெஞ்சுக்குள் அடிப்பது போல் இருந்தது. பல் நறநறவென்று அரைபட்டது எனக்கே கேட்டது. பக்கத்தில் இருந்தவள் துள்ளி எழுந்தாள். "அய்யய்யோ, மல்லிகா மேல ஆத்தா வந்துருச்சு!" என்று அலறினாள்.

எங்கள் ஊரில் கோயில் வாசலில் ஒருத்தி பல்லை நறநறத்தால் அதற்கு ஒரே பொருள்தான். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். பூசாரி திருநீற்றை நெற்றியில் அப்பினார். "யாரு வந்துருக்கது? வாயத் தொறந்து சொல்லு தாயி! என்ன கொற?" என்றார். இல்லை, இது தாடைப் பூட்டு என்று சொல்ல வாய் திறக்கவில்லை. டொக்டர் சொன்னபடி காதுக்கு முன்னால் விரலை வைத்து வட்டமாகத் தேய்த்தேன். அதையும் ஏதோ தெய்வக் குறி என்று நினைத்து ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மெல்ல வாய் திறந்தது. திறந்ததும் நான் சொல்ல நினைத்தது வரவில்லை, இத்தனை வருடம் அரைத்துக்கொண்டிருந்ததுதான் வந்தது.

"சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டு, விடிஞ்சதும் கோழிக்கூட்டுப் பக்கமா மலைக்குப் போனது யாரு?"

தப்பு நின்றது. அன்று கோழிக்கூட்டுப் பக்கமாகப் போனவர்கள் ஒவ்வொருத்தியாக என் காலில் விழுந்தார்கள். செல்வி என் கால்களைக் கட்டிக்கொண்டாள். "நாந்தான் ஆத்தா மொதல்ல போனேன். மதினி தலையில பழியப் போட்டதும் நாந்தான். எம் புள்ளைகள ஒண்ணும் செஞ்சிராத தாயே. வர்ற வருசம் தீ மிதிக்கிறேன்" என்று கதறினாள். பழி போட்டதும் அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் கேட்கக் காத்திருந்ததற்கும் மேலாகவே வந்துவிட்டது. ஆனால் அவள் கண் என் முகத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது. என்னைப் பார் செல்வி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூசாரி, "ஆத்தா மனசு எறங்கிட்டா, மன்னிச்சுட்டா!" என்று அறிவித்துவிட்டு, கொளுத்திய கற்பூரத்தை என் நாக்கில் வைத்தார். சாமி மலையேறிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மன்னிப்பை எடுத்து எல்லோருக்கும் திருநீற்றோடு பங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

பின்னேரம் செல்வி அவள் வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு பெரிய சுமை இறங்கின தெளிவு.

"ஆத்தா வந்து போன ஒடம்பு, அசதியா இருக்கும், குடிங்க மதினி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப பேசுனது எதும் நெனவு இருக்குங்களா?" என்று கேட்டாள்.

சாமி ஆடினவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது, இருக்கவும் கூடாது. நினைவிருந்தால் அது பொய்ச்சாமி. ஆத்தா வாசலில் ஆத்தாவாக நடித்தவள் என்று ஊரே காறித் துப்பும். தெரிந்துதான் சொன்னேன்.

"எல்லாம் நெனவு இருக்கு செல்வி. ஆத்தா வரல. பல்லக் கடிச்சது நாந்தான், கேட்டதும் நாந்தான். நீ எங்கிட்ட சொல்லு."

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்புடியெல்லாம் பேசாதீங்க மதினி, தெய்வக் குத்தமாயிரும். எல்லாந்தான் ஆத்தாகிட்ட ஒப்புக்குடுத்தாச்சே. அசதியில என்னென்னமோ பேசுறீங்க. படுங்க, பாய விரிக்கிறேன்."

பாயை விரித்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். சூடான தேத்தண்ணிக் கோப்பையைக் கன்னத்தில் ஒத்தடமாக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, தாடைதான் மறுபடி இறுகியது.

அடுத்த நாள் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட மஸ்கெலியா வரை லயமே வந்தது. எப்போ திரும்ப வருவீங்க மல்லிகா என்று யாரும் கேட்கவில்லை. "அடுத்த வருசமும் வந்து வாக்கு சொல்லணும் தாயி" என்றார்கள். செல்வி ஒரு மஞ்சள் சேலை எடுத்து வைப்பதாகச் சொன்னாள். பஸ் நிரம்பி வழிந்தது. வழியில் ஏறியவர்களுக்கும் சேதி எட்டியிருந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியிடம் நகர்ந்து இடம் காட்டினேன். "வேணாம் தாயி, நேத்து மாமிசம் சாப்பிட்டேன்" என்று பயந்து பின்வாங்கினாள். வெரோனாவில் நான் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்கு யாரும் வருவதில்லை, என் நிறத்தைப் பார்த்துத் தள்ளி நிற்பார்கள். அதற்குப் பழகிவிட்டேன். நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போன அந்த மஸ்கெலியா பஸ்ஸில், என் ஊர்ச் சனம் அத்தனை பேரும் நின்றுகொண்டிருக்க, ஹட்டன் வரைக்கும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.